களவு போன பெயர்: தீவு மக்களின் கடன் தகுதியை மீட்பது எவ்வாறு?

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். கடன் என்பது இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகும். ஒருவரது நேர்மையில் மற்றவர் வைக்கும் நம்பிக்கையே பணமாக உருமாறுகிறது. கிராமத்துக் கடைக்காரர் தம் பேரேட்டைப் பார்த்து, "இவருக்குக் கொடுக்கலாம்" என்று முடிவு செய்த காலத்தில், அந்த நம்பிக்கை முகம் பார்த்துப் பிறந்தது. இன்று அது மூன்று இலக்க எண் ஒன்றைப் பார்த்துப் பிறக்கிறது. முகத்தைத் திருட முடியாது. எண்ணையும் ஆவண நகலையும் திருடலாம். அவ்வாறு திருடியவர் நம் பெயரில் கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்தாவிடில், கெட்டுப்போவது நம் நாணயமே.

இத்தகைய அடையாளத் திருட்டு நாடெங்கும் நிகழக்கூடியது. எனினும் அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் போன்ற தொலைதூரப் பகுதிகளில் வாழ்வோருக்கு இதன் விளைவு கூடுதலான சுமையாகிறது. கடன் நொடியில் வந்து சேர்கிறது. அதனால் விளைந்த கேட்டை நீக்கும் முயற்சியோ கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. இந்நிலையில், களவு போன பெயரை மீட்பதற்குச் சட்டம் அளித்துள்ள வழிகள் யாவை, அவற்றை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடன் தகுதிப் பதிவேடு

நம் நாட்டில் கடன் பெறுவோரது விவரங்களைத் திரட்டி வைக்கும் முதல் நிறுவனமான சிபில் 2000ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. இத்துறையை ஒழுங்குபடுத்தக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இப்பணியைச் செய்து வருகின்றன. வங்கிகளும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் இந்நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என 2015இல் ரிசர்வ் வங்கி பணித்தது. ஆகவே ஓரிடத்தில் பெற்ற கடன் நான்கு பேரேடுகளிலும் பதிவாகும்.

இப்பேரேடுகளில் ஒருவர் பெற்ற கடன்கள், செலுத்திய தவணைகள், தவணை தவறிய நாட்களின் எண்ணிக்கை, புதிய கடனுக்காக எந்த நிறுவனம் என்று விசாரித்தது என்பன இடம் பெறும். இவற்றிலிருந்து 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண் கணிக்கப்படுகிறது. எண் உயர உயரக் கடன் எளிதில் கிடைக்கும். வட்டியும் குறைய வாய்ப்புண்டு. மதிப்பெண்ணை நிர்ணயிப்பதில் தலையாயது தவணை ஒழுங்கே. எனவே, நாம் அறியாத ஒரு கடனில் நாம் செலுத்தாத சில தவணைகள் பதிவானால், பல ஆண்டுகள் ஒழுங்காகச் செலுத்திப் பெற்ற நற்பெயர் சில மாதங்களில் சரிந்துவிடும்.

மதிப்பெண் பதிவேட்டின் நிழலேயன்றிப் பதிவேடு அன்று. நிழலைத் திருத்த எவராலும் இயலாது. பொருளைத் திருத்தினால் நிழல் தானே திருந்தும்.

தீவுகளில் பெயரே ஈடு

2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.81 லட்சம். வங்காளிகளும் தமிழர்களும் தெலுங்கர்களும் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோரும் நிக்கோபாரிப் பழங்குடியினரும் இங்கு வாழ்கின்றனர். தென் அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பருக்கு முன்னர் போர்ட் பிளேர்) தென்கோடியிலுள்ள காம்ப்பெல் பே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. சென்னையோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் வழியே மிகக் குறைந்த அளவில் கிடைத்த இணைய வசதி பெருகியது. ரங்கத், லாங் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், ஹேவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவு ஆகியவையும் இவ்வடத்தால் இணைக்கப்பட்டன. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வடத்தின் வழியே, தீவுகளில் கிளையே இல்லாத கடன் நிறுவனங்களும் செயலிகளும் தீவு மக்களின் கைப்பேசிக்குள் நுழைந்துவிட்டன. கடன் தருபவர் மும்பையிலோ குருகிராமிலோ இருக்கிறார். அவரது கதவைத் தட்டிக் கேட்க மாயாபந்தரில் இருப்பவரால் இயலாது.

இன்னொரு காரணமும் உண்டு. கார் நிக்கோபார் போன்ற இடங்களில் நிலம் 'துஹேத்' எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் பொதுவுடைமை. தனி ஒருவர் அதைத் தம் சொத்தாக வங்கியில் ஈடு வைக்க இயலாது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் போன்ற உழைக்கும் குடும்பங்களிடமும், படகும் வலையுமே சொத்தாகக் கொண்ட மீனவர்களிடமும் ஈடு காட்டப் பெரிதாக எதுவுமில்லை. இவர்களுக்குத் தம் பெயரே ஈடு. அப்பெயர் களவு போனால் படகின் எஞ்சினை மாற்றும் கடனும் பிள்ளையின் கல்லூரிக் கடனும் ஒருசேரத் தடைபடுகின்றன. நகரவாசி மற்றொரு வங்கியின் வாயிலை நாடலாம். ஓரிரு கிளைகளே உள்ள தீவில் வாழ்பவருக்கு அந்த வாய்ப்பும் குறைவு.

பெயர் எவ்வாறு களவு போகிறது?

வங்கியின் கணினிகளை உடைத்துத்தான் பெயரைத் திருட வேண்டும் என்பதில்லை. நாம் நாள்தோறும் கொடுத்துவிட்டு மறந்துபோகும் நகல்களே பெரும்பாலும் போதுமானவை. கப்பல் பயணச் சீட்டுக்கும் சிம் அட்டைக்கும் விடுதி அறைக்கும் வாடகை வீட்டுக்கும் அடையாள நகல்களைத் தருகிறோம். நகலகத்தின் கணினியிலும், நாம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியிலும் அவற்றின் படங்கள் தங்கிவிடுகின்றன.

2022 பிப்ரவரியில் நாடெங்கும் பலர் தம் கடன் அறிக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டனர். இந்தியாபுல்ஸ் குழுமத்தைச் சார்ந்த 'தனி' என்னும் செயலி வழியே தம் பெயரில் சிறு கடன்கள் பெறப்பட்டிருப்பதாக அவர்கள் பொதுவெளியில் முறையிட்டனர். பிறரது பான் எண்ணைக் கொண்டு அக்கடன்கள் பெறப்பட்டிருந்தன. முறையிட்டவர்களுள் பத்திரிகையாளரும் திரைப்பட நடிகையும் அடங்குவர். நடிகையின் பெயரில் இருந்த கடன் 2,000 ரூபாய் மட்டுமே. தொகை சிறிது, ஆனால் பதிவேட்டில் தவணை தவறிய குறிப்பு தொகையின் அளவைப் பார்ப்பதில்லை.

அடுத்த ஆண்டு, 2023 மார்ச்சில், தில்லி காவல்துறை ஒரு கும்பலைக் கைது செய்த செய்தி வெளிவந்தது. புகழ் பெற்ற விளையாட்டு வீரர்கள், நடிகர்கள் ஆகியோரின் பெயரில் கடன் அட்டைகளைப் பெற்று, இவர்கள் பல லட்சம் ரூபாய் செலவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. இதற்கு அவர்கள் கையாண்டதாகக் கூறப்பட்ட வழி எளியது. 15 இலக்க ஜி.எஸ்.டி. பதிவெண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு. அடுத்த பத்தும் உரியவரின் பான் எண். பதிவெண் பொதுவெளியில் கிடைக்கிறது. பிறந்த நாளும் கிடைக்கிறது. நிழற்படத்தை மட்டும் மாற்றிப் போலி அட்டை தயாரிக்கப்பட்டது. சிறு கடை வைத்திருக்கும் வணிகர்களும் தம் பதிவெண்ணைப் பெயர்ப் பலகையில் எழுதி வைக்கிறார்கள் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பான் எண் இரகசியமன்று. அதைத் தெரிந்திருப்பதே ஒருவரது அடையாளத்துக்குச் சான்று எனக் கடன் நிறுவனங்கள் கொள்வதில்தான் குறை உள்ளது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

பெயர் களவு போனதை ஒருவர் அறிவது பொதுவாக மூன்று வழிகளில்: கடன் மனு காரணமின்றி நிராகரிக்கப்படுவது, அறியாத கடனைக் கேட்டு வசூல் முகவர் அழைப்பது, கடன் அறிக்கை பார்வையிடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருவது. எவ்வழியில் அறிந்தாலும், அழைத்தவரிடம் வாதிடுவதில் காலம் போக்காமல் நான்கு செயல்களை உடனே செய்தல் வேண்டும்.

முதலாவது, நான்கு நிறுவனங்களிடமிருந்தும் கடன் அறிக்கையைப் பெறுதல். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையையும் மதிப்பெண்ணையும் இலவசமாக அளிக்க வேண்டும் என்பது 2017 ஜனவரி 1 முதல் உள்ள விதி. தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அறிக்கையில் அறியாத கடன்கள், அறியாத விசாரணைகள், தமக்குரியதல்லாத முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருடியவரின் தடயம் பெரும்பாலும் அந்த முகவரியிலும் கைப்பேசி எண்ணிலும்தான் இருக்கும்.

இரண்டாவது, காவல்துறையிடம் புகார் அளித்தல். 1930 என்ற எண்ணிலும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதியலாம். பிறரது மின்னணு அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்கீழ், மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகும். குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது தெரியாவிட்டாலும் தயங்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்த எல்லை எதுவாயினும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் அளிக்கலாம். மின்னணு முறையில் அளித்த தகவலில் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். காம்ப்பெல் பேயில் இருப்பவர் குருகிராம் செல்ல வேண்டும் என்று எவரும் வற்புறுத்த முடியாது.

மூன்றாவது, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தல். நான்காவது, தம் பெயரிலுள்ள மற்ற வாயில்களைச் சரிபார்த்தல். 'சஞ்சார் சாத்தி' தளத்தில் தம் பெயரிலுள்ள கைப்பேசி இணைப்புகளைக் காணலாம். தமதல்லாதவற்றைத் துண்டிக்கக் கோரலாம். வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில், தம் பான் எண்ணோடு பிணைந்த, தாம் அறியாத வங்கிக் கணக்கின் வட்டி தென்படுகிறதா என்று பார்க்கலாம். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கலாம்.

மறுப்புக் கடிதத்தில் கேட்க வேண்டிய கேள்வி

கடன் நிறுவனத்துக்கு எழுதும் கடிதமே இம்முயற்சியின் முதுகெலும்பு. "இக்கடன் எனதன்று" என்று மட்டும் எழுதுவது போதாது. "பணம் எந்த வங்கிக் கணக்குக்குச் சென்றது?" என்று கேட்க வேண்டும்.

இணையவழிக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, கடன் தொகை, சில விலக்குகள் நீங்கலாக, கடன் பெறுபவரின் சொந்த வங்கிக் கணக்கிலேயே நேரடியாக வரவு வைக்கப்பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு கடனுக்கும் பணம் சென்று சேர்ந்த கணக்கு ஒன்று உண்டு. அதன் எண், கடன் ஒப்பந்தம், விண்ணப்பத்தோடு பெற்ற நிழற்படம், சரிபார்ப்புக்குப் பயன்பட்ட கைப்பேசி எண் ஆகியவற்றைக் கோரினால், உண்மையை நிறுவும் பொறுப்பு உரிய இடத்துக்குச் செல்கிறது. பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிருப்பின், கடன் நமதன்று என்பதற்கு நிறுவனத்தின் ஏடே சான்றாகிவிடும். நம் பெயரிலேயே திறக்கப்பட்ட போலிக் கணக்காக இருப்பின், அதைத் திறந்த வங்கியிடமும் முறையிட வழி பிறக்கும்.

கடிதத்தோடு காவல்துறைப் புகாரின் நகல், அடையாளச் சான்று, கடன் அறிக்கையின் உரிய பக்கம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பி, பதிவு அஞ்சலிலும் அனுப்பி, ஒப்புகையைப் பாதுகாத்தல் நலம். தொலைபேசியில் பேசியது சான்றாகாது.

பதிவேட்டைத் திருத்தும் காலக்கெடு

அடுத்து, கடன் தகவல் நிறுவனங்களிடம் திருத்தம் கோர வேண்டும். அறிக்கையில் திருத்தம் கேட்கும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழங்குகிறது. தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிப்பதில்லை. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு, அது உறுதி செய்த பின்னரே திருத்தும். இதனால்தான் இரு இடங்களிலும் ஒரே நாளில் எழுதுவது நல்லது. விசாரணை நடைபெறும் காலத்தில் அக்கணக்கு 'தகராறுக்கு உட்பட்டது' என்று குறிக்கப்படும்.

காலதாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்பதைப் பலர் அறியார். 2023 அக்டோபர் 26இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆணை 2024 ஏப்ரல் 26 முதல் செயலுக்கு வந்தது. அதன்படி, முறையீடு பதிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு காணப்படாவிடில், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் முறையிட்டவருக்குச் சேரும். கடன் நிறுவனம் 21 நாட்களுக்குள் திருத்திய விவரத்தை அனுப்பத் தவறினால் பொறுப்பு அதனுடையது; அது உரிய காலத்தில் அனுப்பியும் தகவல் நிறுவனம் 30 நாட்களுக்குள் முடிக்கவில்லையெனில் பொறுப்பு பின்னதனுடையது.

எடுத்துக்காட்டாக, ரங்கத்தில் உள்ள ஒருவர் ஜூன் 1இல் முறையீடு பதிந்து, 50ஆம் நாளில் தீர்வு பெற்றார் எனக் கொள்வோம். கெடுவைத் தாண்டிய 20 நாட்களுக்கு அவருக்குரிய தொகை 2,000 ரூபாய். தொகை பெரிதன்று. ஆயினும் தாமதத்துக்கு ஒரு விலை நிர்ணயிக்கப்பட்டது நிர்வாகத்தில் ஒரு முன்னேற்றம். முறையீடு பதிந்த நாளுக்கான சான்று கையில் இருந்தால்தான் இத்தொகையைக் கோர முடியும். மதிப்பெண் கணிக்கப்பட்ட முறை பற்றிய குறைகளுக்கு இவ்விழப்பீடு பொருந்தாது.

முறையீடு மறுக்கப்பட்டாலும், 30 நாட்களில் விடை வராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர் திட்டத்தை நாடலாம். 2021 நவம்பர் 12இல் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ், 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் கொண்டுவரப்பட்டன. இணையம் வழியே கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விளக்கம் பெறலாம். தீவிலிருந்து வெளியே செல்லும் தேவை இல்லாமல் மேல்முறையீடு செய்ய இது உதவுகிறது.

கட்டிவிட்டால் என்ன?

"ஐயாயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்" என்று எண்ணுவோர் உளர். வசூல் முகவரின் வற்புறுத்தலும் அத்திசையிலேயே தள்ளும். இது தவறான சிக்கனம். செலுத்திய கணமே அக்கடனைத் தமதென ஒப்புக்கொண்டதாகப் பொருள் கொள்ளப்படலாம். பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு முடித்தால், பதிவேட்டில் 'உடன்பாட்டில் தீர்க்கப்பட்டது' என்னும் குறிப்பு ஏறும். அடுத்துக் கடன் தருபவர் அதனை முழுமையாகச் செலுத்தாதவர் என்றே படிப்பார். கடன் விவரங்கள் குறைந்தது ஏழாண்டுகள் பாதுகாக்கப்படுபவை. எனவே கோர வேண்டியது 'முடிக்கப்பட்டது' என்ற குறிப்பையன்று. அக்கணக்கே தம் பெயரிலிருந்து முற்றிலும் நீக்கப்படுவதையும், மோசடிக்காக நிகழ்ந்த விசாரணைக் குறிப்புகள் அகற்றப்படுவதையும் கோர வேண்டும். நீக்கியதற்கான கடிதத்தைக் கடன் நிறுவனத்திடம் பெற்று, நிலையாகப் பாதுகாக்க வேண்டும். கடன் கோரிக்கை வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஈராண்டு கழித்து அதே கணக்கு மீண்டும் தலைகாட்டினால் அக்கடிதமே கேடயம்.

'மதிப்பெண்ணை ஒரு மாதத்தில் உயர்த்தித் தருகிறோம்' என்று கட்டணம் கேட்போரிடமும் எச்சரிக்கை தேவை. உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது; பொய்யான பதிவைத் திருத்த எவருக்கும் கட்டணம் தர வேண்டியதில்லை. அத்தகையோரிடம் பான், ஆதார் நகல்களைக் கொடுப்பது திருடனிடமே சாவியைக் கொடுப்பதாகவும் முடியலாம்.

திருட்டா, பெயர்க் குழப்பமா?

அறியாத கடன் யாவும் திருட்டல்ல. தமிழர்களிடையே தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் வழக்கம் உண்டு. ஓர் ஆவணத்தில் முதலெழுத்தாகவும், மற்றொன்றில் விரித்தும், பிறிதொன்றில் குடும்பப் பெயரின் இடத்திலும் தந்தையின் பெயர் அமைகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் ஆவணங்களை இழந்து புதிதாகப் பெற்றவர்களிடையே இவ்வேறுபாடு கூடுதலாக இருக்க இடமுண்டு. இதனால் ஒரே பெயருடைய இருவரது கணக்குகள் ஒரே பதிவேட்டில் கலந்துவிடக்கூடும். பான் எண் வேறாக இருந்தும் பெயர் ஒன்றாக இருப்பின் இது கலப்பு. காவல்துறை தேவையில்லை, திருத்தக் கோரிக்கையே போதும். பான் எண் தமதாக இருந்து, முகவரியும் கைப்பேசியும் வேறாக இருப்பின் திருட்டு எனக் கொள்ளலாம். எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே வடிவில் அமைத்துக்கொள்வது இரண்டையும் தவிர்க்க உதவும்.

மீண்டும் வளர்த்தல்

பொய்யான பதிவு நீங்கியதும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி தானே மீளும். கடன் நிறுவனங்கள் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என 2025 ஜனவரி 1 முதல் விதிக்கப்பட்டதால், முன்னரைவிட விரைவாகவே இது தெரியவரும். எனினும் போராட்டக் காலத்தில் தம் உண்மையான தவணைகளைக் கவனிக்காமல் விட்டவர்களும், கடன் கிடைக்காமல் வரலாறே வளராமல் நின்றவர்களும் புதிதாக நம்பிக்கையை வளர்க்க வேண்டியிருக்கும்.

இதற்குக் குறுக்கு வழி இல்லை, நேர்வழி உண்டு. முதற்கண், உண்மையான கடன்களின் தவணைகளை ஒரு நாளும் தவறாமல் செலுத்துதல். வங்கியில் வைப்புத் தொகை ஒன்றை இட்டு, அதன் ஈட்டில் கடன் அட்டையோ சிறு கடனோ பெறுதல். இதற்கு மதிப்பெண் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. அட்டையின் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுத் தொகையையும் செலுத்துதல். ஒரே காலத்தில் பல நிறுவனங்களில் விண்ணப்பிக்காமலிருத்தல். கப்பல் தாமதமானாலும் மீன்பிடிப்பு குறைந்தாலும் தவணை நாள் தவறாதிருக்க, ஒரு தவணைக்குரிய தொகையைக் கணக்கில் எப்போதும் விட்டு வைத்தல். மகளிர் சுய உதவிக் குழு, விவசாயக் கடன் அட்டை ஆகியவற்றின் ஒழுங்கான வரவு செலவும் நற்சான்றாகும்.

கடன் வரலாறே இல்லாதவர் என்பதற்காக மட்டும் முதன்முறைக் கடன் மனுவை நிராகரிக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. கிளை மேலாளரிடம் இதனைப் பணிவுடன் நினைவூட்டலாம்.

வருமுன் காத்தல்

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஓர் அறிக்கையை இலவசமாகத் தருவதால், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மாதம் ஒன்றுக்கு ஒரு நிறுவனமாகப் பிரித்துப் பெற்றால், செலவின்றி ஆண்டு முழுதும் காவல் கிடைக்கும். அறிக்கையை எவரேனும் பார்வையிட்டால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பது 2024 முதல் விதி. ஆனால் அச்செய்தி வர வேண்டுமாயின், பதிவேட்டிலுள்ள கைப்பேசி எண் நமதாக இருத்தல் வேண்டும். மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் பழைய எண்ணைக் கைவிடும்போது இதனை மறந்துவிடுகின்றனர். ஆவண நகலைக் கொடுக்கும்போது, எதற்காக, எந்த நாளில், யாரிடம் கொடுக்கிறோம் என்பதை அதன்மீதே எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட படிவம் பல இடங்களில் போதுமானது.

செய்ய வேண்டியது இன்னும் உண்டு

அமெரிக்காவில் கடன் அறிக்கைச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அடையாளத் திருட்டு அறிக்கையை உரிய சான்றுகளுடன் அளித்தவரின் பதிவேட்டிலிருந்து மோசடி விவரங்களை நான்கு வேலை நாட்களுக்குள் தகவல் நிறுவனம் மறைக்க வேண்டும். ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து 14 கோடிக்கு மேற்பட்டோரின் விவரங்கள் 2017இல் களவு போன பின்னர், தம் பதிவேட்டைக் கட்டணமின்றிப் பூட்டி வைக்கும் உரிமை 2018 செப்டம்பர் முதல் அந்நாட்டு மக்களுக்குக் கிடைத்தது. அங்கு முதலில் மறைத்துப் பின்னர் விசாரிக்கிறார்கள்; இங்கு விசாரித்து உறுதியான பின்னரே திருத்துகிறோம். இடைப்பட்ட ஒரு மாதத்தின் சுமையைக் குற்றமற்றவர் தாங்குகிறார். மீன்பிடிப் பருவம் ஒன்று கடந்துபோக ஒரு மாதம் போதும்.

காவல்துறைப் புகாரோடு வரும் முறையீட்டில், விசாரணை முடியும் வரை மோசடிக் கணக்கு மதிப்பெண்ணைப் பாதிக்காமல் நிறுத்தி வைப்பது குறித்து நாமும் ஆராயலாம். கடன் கொடுத்தவரே கடன் பெற்றவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கடமையுடையவர். சரிபார்ப்பில் நேர்ந்த பிழையின் விலையையும் அவரே ஏற்பதுதான் பொருளியல் நோக்கிலும் சரியானது. பிழையின் செலவு பிழை செய்தவரைச் சேரும்போதுதான் பிழைகள் குறையும். தீவுகளைப் பொறுத்தவரை, வட்டாட்சியர் அலுவலகங்களிலும் அஞ்சல் நிலையங்களிலும் பொதுச் சேவை மையங்களிலும் கடன் அறிக்கையைப் பெற்றுத் தரவும் முறையீட்டைப் பதியவும் ஓர் உதவி மேசை அமைத்தால் போதும். இந்தி, வங்காளம், தமிழ், நிக்கோபாரி ஆகிய மொழிகளில் ஒரு பக்க விளக்கமும் அங்கே இருக்க வேண்டும்.

கடலடி வடம் தீவுகளை நாட்டின் பொருளாதாரத்தோடு பிணைத்துள்ளது. கடன் கிடைக்கும் வேகத்துக்கு ஈடான வேகத்தில் நீதியும் அவ்வடத்தின் வழியே வந்து சேரும்போதுதான் அப்பிணைப்பு முழுமை பெறும். அதுவரை, தம் பெயர் எந்தப் பேரேட்டில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்து அறிந்திருத்தல் கடமையாகும்.